செயற்கை வால்வை எக்கோவில் பார்க்கத் தொடங்குவோருக்கு: நிழல் எங்கே விழும், எந்த எண்ணை நம்பலாம்

இதயத்தில் மெட்டல் வால்வு வைத்துக்கொண்ட ஒருவர் எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் படமாகப் பார்க்கும் சோதனை) அறைக்கு வரும்போது சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வால்வில் ரத்தம் உறைந்திருக்கலாம். ஓரத்திலிருந்து திசு வளர்ந்து வாசலைக் குறுக்கியிருக்கலாம். தையல் விட்டு ஒழுகலாம். கிருமி உட்கார்ந்திருக்கலாம். வால்வு நன்றாகவே இருந்து ரத்தசோகை காரணமாகவும் இருக்கலாம். நோயாளி சொல்வதை மட்டும் வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது, படம்தான் பிரித்துக் காட்ட வேண்டும்.

இந்த வழிகாட்டி எக்கோ டெக்னீஷியன்கள், இதயப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த மருத்துவர்கள், செவிலியர்களுக்காக எழுதப்பட்டது. இயற்கை வால்வைப் பார்க்கத் தெரிந்தவர்கள்கூடச் செயற்கை வால்வில் தடுமாறுவது இரண்டு இடங்களில். உலோகத்துக்குப் பின்னால் விழும் நிழலில் எதுவும் தெரியாது என்பதை மறந்துவிடுகிறார்கள். இன்றைய எண்ணை அதே நோயாளியின் பழைய எண்ணோடு ஒப்பிடாமல் பொதுவான அட்டவணையோடு மட்டும் ஒப்பிடுகிறார்கள்.

புரோபை (மார்பில் வைத்துப் பார்க்கும் கருவியை) எடுக்கும் முன்

வால்வு அட்டையைக் கேளுங்கள். எந்த வகை, எந்த இடம், எத்தனை மி.மீ., எந்தத் தேதியில் பொருத்தியது என்ற நான்கும் அதில் இருக்கும். அட்டை தொலைந்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியில் தேடுங்கள். சைஸ் தெரியாமல் கிரேடியன்டை, அதாவது வால்வின் இருபுறத்துக்குமான அழுத்த வேறுபாட்டை, படிப்பதில் அர்த்தமில்லை. 19 மி.மீ. அயோர்டிக் வால்வில் (இதயத்திலிருந்து மகாதமனிக்குப் போகும் வாசலில் இருப்பது) இயல்பாக இருக்கும் எண், 25 மி.மீ. வால்வில் கோளாறின் அறிகுறியாகிவிடும்.

உயரம், எடை, ரத்த அழுத்தம், நாடித் துடிப்பு நான்கையும் அன்றைக்கே எடுத்து மெஷினில் பதியுங்கள். கடைசி சில ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் எண்) முடிவுகளைப் பாருங்கள். உறைவு தடுக்கும் மாத்திரையை எப்போதாவது நிறுத்தினீர்களா என்று நேரடியாகக் கேளுங்கள். பல் பிடுங்க நிறுத்தியவர்கள், நாட்டு மருந்து தொடங்கியவர்கள், கர்ப்பத்தில் வார்ஃபரின் மாத்திரையிலிருந்து ஹெப்பாரின் ஊசிக்கு மாறியவர்கள் ஆகியோருக்கு உறைகட்டிக்கான வாய்ப்பு அதிகம். இரவின் அமைதியில் தன் வால்வின் 'டிக்' சத்தம் பலருக்குக் கேட்கும். "சத்தம் மழுங்கிவிட்டது" என்று ஒருவர் சொன்னால் அதை அப்படியே எழுதிவையுங்கள், அது அசட்டை செய்யக்கூடாத தடயம்.

பிறகு பழைய எக்கோ ரிப்போர்ட். அறுவைக்குப் பின் 6 வாரத்திலிருந்து 3 மாதத்துக்குள் எடுக்கப்படும் முதல் எக்கோதான் அந்த நோயாளியின் அளவுகோல். அதற்குள் காயம் ஆறி, ரத்தசோகை தணிந்து, இதயம் சமநிலைக்கு வந்திருக்கும். அந்தத் தாளை வீட்டில் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள், செல்போனில் ஒரு படமும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

எந்த வால்வு எப்படித் தெரியும்

இன்று அதிகம் பார்ப்பது இரண்டு அரைவட்ட இதழ்கள் கொண்ட வால்வு. செயின்ட் ஜூட் 1977-ல் வந்தது முதல் இதுவே உலகெங்கும் பரவியது. அடுத்தது ஒற்றைத் தட்டு சாய்ந்து திறக்கும் வகை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவான டி.டி.கே. சித்ரா வால்வு இந்த வகை. 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. நம் ஊர் எக்கோ அறையில் இதைப் பார்க்காமல் வேலை கற்க முடியாது. பந்தும் கூண்டும் கொண்ட ஸ்டார்-எட்வர்ட்ஸ் இப்போது அரிது. மாட்டின் இதய உறை, பன்றியின் வால்வு ஆகியவற்றால் ஆன திசு வால்வுகள் நான்காவது கூட்டம்.

எல்லா மெட்டல் வால்வும் மூடும்போது கொஞ்சம் ரத்தத்தைப் பின்னுக்கு விடும். இதழ்களைக் கழுவி உறைவு சேராமல் காக்க அப்படியே வடிவமைத்திருக்கிறார்கள். இரட்டை இதழ் வால்வில் இவை இரண்டு முதல் நான்கு மெல்லிய ஜெட்களாக, தையல் வளையத்துக்கு உள்ளேயிருந்து கிளம்பும். இதைக் கண்டு "லீக்" என்று எழுதிவிட்டால் நோயாளிக்குத் தூக்கம் போய்விடும். கோளாறான ஜெட் பெரும்பாலும் வளையத்துக்கு வெளியே தொடங்கும். அதேபோல் மைட்ரல் (இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள) மெட்டல் வால்வுக்குக் கீழே இடது கீழறையில் மின்மினிபோல் மின்னும் நுண்குமிழ்களும் இயல்பானவைதான்.

அயோர்டிக் வால்வு: வரிசையாக

முதலில் பாராஸ்டெர்னல் (மார்பெலும்பின் ஓரத்திலிருந்து) நீளப் பார்வையில் இடது கீழறையின் வெளிவாசலை, அதாவது எல்.வி.ஓ.டி.-யை, அளக்க வேண்டும். வால்வின் சைஸ் எண்ணை இந்த அளவுக்குப் பதிலாகப் போடாதீர்கள். அடுத்து ஏபிக்கல் (இதய முனையிலிருந்து) பார்வையில் பல்ஸ் டாப்ளரை (ஒரே இடத்தின் ரத்த வேகத்தை அளப்பது) வளையத்துக்கு அரை முதல் ஒரு செ.மீ. கீழே வைத்து அலையை எடுங்கள். பின் கன்டினியூவஸ் டாப்ளர் (கோடு முழுவதிலும் உள்ள உச்ச வேகத்தைப் பிடிப்பது). இதை ஏபிக்கலில் மட்டும் எடுத்து முடித்துவிடுவது புதியவர்களின் பெரிய தவறு. வலது பாராஸ்டெர்னல், கழுத்துக் குழி ஆகிய இடங்களிலும் படம் காட்டாத சிறு பென்சில் புரோபால் தேடுங்கள். எங்கே வேகம் உச்சமோ அதுதான் உண்மை. நாடி சீராக இருந்தால் மூன்று துடிப்பு போதும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (மேலறை ஒழுங்கின்றித் துடிப்பது) இருந்தால் ஐந்து முதல் பத்துத் துடிப்பின் சராசரி வேண்டும்.

உச்ச வேகம் நொடிக்கு 3 மீட்டருக்குக் கீழ், மீன் (சராசரி) கிரேடியன்ட் 20 மி.மீ. பாதரசத்துக்குக் கீழ் என்றால் பொதுவாக நிம்மதி. 4 மீட்டருக்கு மேல், 35-க்கு மேல் என்றால் அடைப்பு என்றே நினைக்க வேண்டும். இடைப்பட்டவர்களுக்குத்தான் டி.வி.ஐ. கைகொடுக்கும்: எல்.வி.ஓ.டி. அலையின் பரப்பை வால்வு அலையின் பரப்பால் வகுத்தால் வரும் எண் அது. 0.30-ம் அதற்கு மேலும் இயல்பு, 0.25-க்குக் கீழ் கோளாறு. எல்.வி.ஓ.டி. விட்டத்தை அளப்பதில் வரும் பிழை இதில் நுழையாது. ரத்த ஓட்டம் கூடினால் இரண்டு அலைகளும் சேர்ந்தே கூடும் என்பதால் ரத்தசோகை, காய்ச்சல், கர்ப்பம் ஆகியவையும் இதை அதிகம் ஏமாற்றாது.

அலையின் வடிவத்தையும் பாருங்கள். நல்ல வால்வின் அலை முக்கோணமாக, சீக்கிரமே உச்சம் தொட்டு இறங்கும். அடைபட்ட வால்வின் அலை கவிழ்த்த கிண்ணம்போல் வட்டமாக, நடுவில் உச்சம் கொள்ளும். தொடக்கத்திலிருந்து உச்சம் வரையிலான நேரம் 80 மில்லி நொடிக்குள் இருந்தால் நல்லது, 100-ஐத் தாண்டினால் அடைப்பு.

வேகம் 3 மீட்டருக்கு மேல் இருக்கும்போது இந்த இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். டி.வி.ஐ. தாழ்ந்து, உச்ச நேரம் நீண்டிருந்தால் வால்வில் அடைப்பு. டி.வி.ஐ. நன்றாக இருந்து நேரமும் குறுகியதென்றால் ரத்த ஓட்டம் அதிகம் அல்லது உடலுக்கு வால்வு சிறிது. டி.வி.ஐ. தாழ்ந்தும் அலை கூர்மையாக இருந்தால் பல்ஸ் டாப்ளரை வால்விலிருந்து தள்ளி வைத்துவிட்டீர்கள். டி.வி.ஐ. நன்றாகத் தெரிந்தும் அலை வட்டமாக இருந்தால் மிக நெருங்கி வைத்துவிட்டீர்கள். கடைசி இரண்டிலும் ரிப்போர்ட் எழுதும் முன் திரும்ப அளக்க வேண்டும்.

இரட்டை இதழ் வால்வில் இன்னொரு பொறி உண்டு. நடுவிலுள்ள ஒடுங்கிய வாசலில் ரத்தம் மற்ற இரண்டு வாசல்களைவிட வேகமாகப் பாயும். டாப்ளர் அந்த வேகத்தைப் பிடித்துக்கொள்வதால் கிரேடியன்ட் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும், அதிலும் சிறிய சைஸ்களில்.

உடலுக்குச் சிறிய வால்வு என்ற முடிவுக்கு, வால்வின் பயன்படு பரப்பை (ரத்தம் உண்மையில் பாயும் வாசலின் பரப்பை) உடல் பரப்பால் வகுக்க வேண்டும். அயோர்டிக்கில் 0.85-ம் அதற்குக் கீழும் மிதமான பொருத்தமின்மை, 0.65-ம் கீழும் கடுமையானது. பருமனானவர்களுக்கு இந்த எல்லைகள் 0.70, 0.55. பொருத்தமின்மை முதல் நாளிலிருந்தே இருக்கும், வருடங்களில் பெரிதாக மாறாது. உறைகட்டியோ திசு வளர்ச்சியோ பின்னால் வந்து சேரும். முதல் எக்கோவில் கிரேடியன்ட் 28 இருந்து இன்றும் 28 என்றால் ஒரு கதை, 12 இருந்து இன்று 28 என்றால் முற்றிலும் வேறு கதை.

மைட்ரல் வால்வு

இங்கே நாடித் துடிப்பைக் குறிக்காத கிரேடியன்டுக்கு மதிப்பில்லை. துடிப்பு 70-ல் 5 இருப்பவருக்கு 110-ல் இரட்டிப்பாகலாம். ரிப்போர்ட்டில் இரண்டும் ஒரே வரியில் இருக்கட்டும்.

ஏபிக்கலில் இதழ்கள் நன்றாகத் தெரியும், முதலில் அவற்றின் அசைவைப் பாருங்கள். ஒரு இதழ் மட்டும் நகராமல் நிற்பது பல சமயம் கண்ணுக்கே தெரிந்துவிடும். கலரில் (ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் டாப்ளரில்) ஓட்டம் ஒரு பக்கமாக மட்டும் பாய்ந்தால் சந்தேகம் உறுதியாகிறது. பிறகு டாப்ளர்: உச்ச வேகம் 1.9 மீட்டருக்குக் கீழ், மீன் கிரேடியன்ட் 5 வரை, பிரஷர் ஹாஃப் டைம் (அழுத்த வேறுபாடு பாதியாகக் குறையும் நேரம்) 130 மில்லி நொடிக்குக் கீழ் என்றால் இயல்பு. 2.5 மீட்டரும் மேலும், 10-க்கு மேல், 200-க்கு மேல் என்றால் அடைப்பு. மைட்ரல் அலையின் பரப்பை எல்.வி.ஓ.டி. பரப்பால் வகுத்து வரும் எண் 2.2-க்குக் கீழ் இருக்க வேண்டும்.

220-ஐ ஹாஃப் டைமால் வகுத்துப் பரப்பு சொல்லும் சூத்திரம் ருமாட்டிக் நோயால் சுருங்கிய இயற்கை வால்வுக்கானது. செயற்கை வால்வில் போடாதீர்கள், மெஷின் தானாகக் கணக்கிட்டுக் காட்டினாலும் அழித்துவிடுங்கள்.

உச்ச வேகமும் அந்த விகிதமும் கூடி, ஹாஃப் டைம் மட்டும் 130-க்குக் கீழேயே இருந்தால் அடைப்பைவிட ஒழுகலைத்தான் முதலில் நினைக்க வேண்டும். ஆனால் கலரில் ஒழுகல் தெரியாது! மார்பின் மேலிருந்து பார்க்கும்போது வால்வின் நிழல் நேராக இடது மேலறைமீது விழுகிறது. "மைட்ரல் ஒழுகல் இல்லை" என்று எழுதும் முன் அந்த அறை நிழலில் இருந்ததா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நிழலில் இருந்தால் "சரியாகப் பார்க்க இயலவில்லை" என்றே எழுதுங்கள், அதுதான் நோயாளிக்கு நியாயம். மறைமுகத் தடயங்கள்: கீழறைப் பக்கம் வளையத்தருகே கலர் குவிவது, நுரையீரல் அழுத்தம் முன்பைவிடக் கூடியிருப்பது, கீழறை துடிதுடிப்பாகச் சுருங்கியும் வெளிவாசல் அலை சிறிதாக இருப்பது. கூடவே ஹீமோகுளோபின் குறைந்து எல்.டி.எச். (அணுக்கள் சிதைந்தால் ரத்தத்தில் கூடும் நொதி) ஏறியிருந்தால், வளையத்தின் ஓரச் சந்தில் ரத்த அணுக்கள் சிதைகின்றன என்று பொருள்.

உணவுக்குழாய் வழியாகப் பார்ப்பது

டி.இ.இ. எனப்படும் இந்த எக்கோவைச் செய்யும்போது புரோப் இடது மேலறைக்குப் பின்னால் நிற்கிறது. அதனால் மேலறை துல்லியமாகத் தெரியும், நிழல் கீழறைப் பக்கம் போய்விடும். அயோர்டிக் வால்வில் மார்பு வழி எக்கோ வளையத்தின் முன்பாதியையும், டி.இ.இ. பின்பாதியையும் காட்டும். இரண்டையும் சேர்த்தால்தான் முழு வட்டம். டி.இ.இ. எடுத்துவிட்டோமே என்று மார்பு வழிப் படத்தைத் தள்ளிவிடக் கூடாது.

நோயாளி 6 மணி நேரம் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும். கட்டுப்பல் இருந்தால் கழற்றச் சொல்லுங்கள். விழுங்கச் சிரமம் உண்டா, ரத்தவாந்தி எடுத்ததுண்டா, கல்லீரல் நோய் உண்டா என்று கேளுங்கள். 'ஆம்' என்றால் மருத்துவரிடம் சொல்லாமல் புரோப் இறங்கக் கூடாது. இதற்காக வார்ஃபரினை நிறுத்தச் சொல்லாதீர்கள். வால்வுக்காரருக்கு அதுவே ஆபத்தாக முடியும்.

மைட்ரலைப் பார்க்கும்போது 0-விலிருந்து 180 டிகிரி வரை மெதுவாகச் சுற்றி, வளையத்தின் ஒவ்வொரு பகுதியையும் கலரோடும் கலரில்லாமலும் பதியுங்கள். முப்பரிமாண வசதி இருந்தால் அறுவை மருத்துவர் மேசையிலிருந்து பார்ப்பதுபோல் திருப்புங்கள்: அயோர்டிக் வால்வு 12 மணியில், இடது மேலறையின் காதுமடல் 9 மணியில். ஒழுகல் எத்தனை மணியில் என்று சொன்னால் அறுவை மருத்துவருக்கும், ஓர இடுக்கை அடைக்கும் கருவி வைப்பவருக்கும் உடனே புரியும்.

ஓர ஒழுகலின் அளவை, வளையச் சுற்றளவில் அது பிடித்திருக்கும் பங்கை வைத்துச் சொல்லலாம். 10 சதவீதத்துக்குள் லேசானது, 20-ஐத் தாண்டினால் கடுமையானது. வால்வே படகுபோல் ஆடினால் தையல் பெரிய அளவில் விட்டுவிட்டது. அயோர்டிக்கில் இப்படி ஆட்டம் தெரியும்போது சுற்றளவில் ஏறத்தாழ 40 சதவீதம் பிரிந்திருக்கும்.

ஃப்ளோரோஸ்கோப்பி: எளிய கருவி, ஒரு விதிவிலக்கு

கேத் லேபில் (ஆஞ்சியோகிராம் எடுக்கும் அறையில்) ஒரு நிமிட எக்ஸ்ரே காட்சி. மருந்தும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். இரட்டை இதழ் வால்வில் இதழ்கள் இரண்டும் மெல்லிய கோடுகளாகத் தெரியும்வரை சி-ஆர்மை (எக்ஸ்ரே கருவியின் வளைந்த கையை) திருப்பிப் பதியுங்கள். செயின்ட் ஜூட் வால்வில் முழுதும் திறந்த இதழ் வளையத் தளத்துக்கு 85 டிகிரியில் நிற்கும். ஒன்று அசையாமலோ பாதியில் நின்றாலோ திரையிலேயே தெரியும். கோணம் சரியாக அமையாமல் அளந்தால் நல்ல இதழும் பாதி திறந்ததுபோல் தோன்றும். கோடு கோடாகத் தெரியாத படத்தில் அளக்கவே வேண்டாம்.

சித்ரா வால்வில் இந்த வழி உதவாது. அதன் சட்டம் கோபால்ட்-குரோமியம் கலவை. தட்டோ அதிக மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக், எக்ஸ்ரேயில் தெரியாது. சட்டம் மட்டும் தெரிவதைப் பார்த்து "தட்டைக் காணோம்" என்று புதியவர்கள் பதறுவதுண்டு. இந்த வால்வுக்கு எக்கோவும் டி.இ.இ.-யும்தான் முதல் வழி.

உறைகட்டியா, திசு வளர்ச்சியா

அடைப்பு உறுதியானபின் எழும் கேள்வி இது. பதிலைப் பொறுத்தே உறைவு கரைக்கும் மருந்தா, கத்தியா என்று முடிவாகும். சில நாள் மூச்சிரைப்பு, ஐ.என்.ஆர். தாழ்வு, டி.இ.இ.-யில் மென்மையாக, சதைப்பற்றாக, ஆடிக்கொண்டிருக்கும் பொருள் என்றால் உறைகட்டி. மாதக்கணக்கில் மெல்ல ஏறிய தொந்தரவு, ஐ.என்.ஆர். சரியாக இருப்பது, வளைய ஓரத்தில் சிறிதாக, பளீரென்று வெண்மையாக ஒட்டியிருப்பது என்றால் பேனஸ் எனப்படும் திசு வளர்ச்சி. சிலரிடம் பேனஸ்மீதே உறைவும் சேர்ந்திருக்கும். உறைகட்டி தெரிந்தால் அதன் பரப்பை அளந்து எழுதுங்கள். 0.8 சதுர செ.மீ.-க்குக் கீழ் இருப்பவர்களுக்குக் கரைக்கும் சிகிச்சையில் ஆபத்து குறைவு.

டி.இ.இ.-யில் தெளியாவிட்டால் இ.சி.ஜி.-யோடு இணைத்த சி.டி. துடிப்பின் எல்லாக் கட்டங்களையும் பதியச் சொல்லுங்கள், அப்போதுதான் இதழ் அசைவும் கிடைக்கும். நாடி 65-க்குக் கீழ் இருந்தால் படம் தெளிவு. கிரியாட்டினின் பார்க்காமல் கான்ட்ராஸ்ட் ஏற்றக் கூடாது. ஒட்டியிருக்கும் பொருளின் அடர்த்தி 145 ஹவுன்ஸ்ஃபீல்டும் (சி.டி.-யில் அடர்த்தியின் அலகு) மேலும் என்றால் பேனஸ், 90-க்குக் கீழ் என்றால் உறைவு என்ற பக்கம் சாயலாம். உலோகத்தின் கீற்றொளி விழுந்த இடத்தில் அளந்த எண் பொய், அந்த இடத்தை விட்டுத் தள்ளி அளங்கள்.

தொற்று சந்தேகம்

காய்ச்சலோடு வந்த வால்வுக்காரருக்கு ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் பிளட் கல்ச்சர், பிறகு எக்கோ. மார்பு வழியில் ஒன்றும் தெரியவில்லை என்றாலும் டி.இ.இ. தேவை. அதிலும் தெரியாமல் சந்தேகம் மட்டும் நீடித்தால் 5 முதல் 7 நாளில் மறுபடி செய்ய வேண்டும். முதல் நாளில் வளையத்தருகே வெறும் தடிப்பாகத் தெரிந்தது ஒரு வாரத்தில் சீழ்க்குழியாகத் திறந்திருக்கலாம்.

அதற்குமேல் எஃப்.டி.ஜி. பெட்-சி.டி. (கதிரியக்கச் சர்க்கரையை ஏற்றி, அது சேரும் இடத்தை ஒளிரக் காட்டும் ஸ்கேன்). இதில் பாதி வெற்றி சாப்பாட்டில் இருக்கிறது. இயல்பான இதயத் தசை சர்க்கரையை இழுத்துக்கொண்டால் படம் முழுக்க ஒளிர்ந்து தொற்று மறைந்துவிடும். முந்தின நாள் இரண்டு வேளையாவது மாவுச்சத்து இல்லாமல், முட்டை, மீன், கறி, பனீர் என்று கொழுப்பும் புரதமுமாகச் சாப்பிட்டுப் பிறகு 12 மணி நேரத்துக்குக் குறையாமல் வெறும் வயிறு. சோறு, இட்லி, பால், பழம் எதுவும் கூடாது. நோயாளி துவண்டிருக்கிறாரே என்று வீட்டார் பரிவோடு கொடுக்கும் ஒரு டம்ளர் கஞ்சி ஸ்கேனை வீணாக்கிவிடும், அதனால் கூட இருப்பவரிடமும் விளக்குங்கள். டெக்ஸ்ட்ரோஸ் டிரிப்பில் மருந்து ஏறுகிறதா என்றும் பாருங்கள். நீரிழிவுக்காரரின் இன்சுலின் அளவை அவருடைய மருத்துவர் முடிவு செய்யட்டும். அறுவை முடிந்து 3 மாதத்துக்குள் என்றால் காயம் ஆறும் அழற்சியே ஒளிரலாம் என்பதால் முடிவை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும்.

திசு வால்வு

நிழல் தொந்தரவு இங்கே குறைவு, இதழ்களை நேராகப் பார்க்கலாம். தடிப்பு 2 மி.மீ.-ஐத் தாண்டியதா, சுண்ணாம்பு படிந்ததா, கிழிந்து ஆடுகிறதா என்று பாருங்கள். அயோர்டிக்கில் மீன் கிரேடியன்ட் முதல் எக்கோவைவிட 10 ஏறி 20-ஐத் தொட்டு, கூடவே டி.வி.ஐ.-யோ பரப்போ சரிந்திருந்தால் தேய்மானம் தொடங்கிவிட்டது. பொருத்திய ஓரிரு வருடத்திலேயே இப்படி ஏறினால் தேய்மானம் என்று முடிவு கட்டாமல் சி.டி.-யில் இதழ்மேல் உறைவு படிந்திருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். அது வார்ஃபரினில் கரையக்கூடியது.

ரிப்போர்ட்டும், உடனே குரல் கொடுக்க வேண்டிய நேரமும்

ரிப்போர்ட்டின் தலைப்பில் வால்வின் வகை, சைஸ், இடம், வருடம். அடுத்த வரியில் அன்றைய நாடி, ரத்த அழுத்தம், ஐ.என்.ஆர். எண்களுக்குப் பக்கத்திலேயே பழைய எண்கள் தேதியோடு. எந்தப் பகுதி நிழலில் மறைந்தது என்பதற்குத் தனி வரி.

மூச்சிரைப்போடு வந்தவருக்கு இதழ் அசையாமல் நிற்பது, அசைந்தாடும் உறைகட்டி, வால்வே ஆடுவது, வளையத்தருகே சீழ்க்குழி ஆகியவற்றில் எது தெரிந்தாலும் ரிப்போர்ட் டைப் ஆகும்வரை காத்திருக்காதீர்கள். நோயாளியை அறையிலேயே வைத்துக்கொண்டு, தலைப்பக்கம் உயர்த்தி, ஆக்சிஜன் அளவைப் பார்த்தபடி இதய மருத்துவரை அப்போதே போனில் அழையுங்கள். அழைத்த நேரத்தையும் ரிப்போர்ட்டில் எழுதுங்கள்.